கொம்பு ஒடிஞ்ச யூனிகார்ன் கேக்கும் எங்க அப்பா சொன்ன காண்டாமிருகமும்

மொதல்லயே மார்க்க போட்டுடுறேன், கதைக்கு அப்பறம் வாறேன். கேக்கோட ருசிக்கு 5க்கு 4½, மேல சொருகி வச்சிருந்த கொம்புக்கு 1, டப்பாக்குள்ள ஒரு சின்ன அட்டையில யூனிகார்ன் கதைன்னு ஒண்ணு அடிச்சு வச்சிருந்தாங்களே, அதுக்கு சைபர். கடை பேரு போடல, மார்த்தாண்டத்துல ஒரு பேக்கரின்னு மட்டும் வச்சுக்கிடுங்க. பேரு போட்டு குறை எழுதிட்டு மறுநாளு அதே கடையில போய் முட்ட பப்ஸ் வாங்க எனக்கு முகம் இருக்காது, பப்ஸ் அங்க நல்லாவும் இருக்கும்.

எங்க வீடு கருங்கல் பக்கம். மகளுக்கு ஜூன்ல 7 வயசு முடிஞ்சுது. வீட்ல பொம்பளப் பிள்ளை இருக்கவங்களுக்கு இது சொல்லவே வேண்டாம், ஸ்கூல் பேக்ல யூனிகார்ன், வாட்டர் பாட்டில்ல யூனிகார்ன், செருப்புல யூனிகார்ன், அழிக்கிற ரப்பர்ல கூட யூனிகார்ன், ஒரு மாசமா கேக்கும் அதுதான் வேணும்னு ஒரே பிடிவாதம். அவ அப்பா கல்ஃப்ல இருந்து வீடியோ கால்ல "என்ன கேக்காளோ அத வாங்கிக் குடு"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாரு, அலையுறது நானுல்லா.

ஆர்டர் குடுக்கப் போனப்ப கவுண்டர்ல இருந்த பையன் நல்ல மரியாதையா பேசினான். ஒன்றரை கிலோ வெண்ணிலா, நடுவுல ஸ்ட்ராபெர்ரி ஃபில்லிங், வெளிய விப்பிங் க்ரீம், கொம்பு காது எல்லாம் ஃபாண்டன்ட்ல, மொத்தம் 1,650 ரூபா, அட்வான்ஸ் 500. "அக்கா, கொம்பு கோல்டா சில்வரா"ன்னு கேட்டான், கோல்டுன்னு சொன்னேன். "றெக்க வைக்கணுமா"ன்னு கேட்டான். யூனிகார்னுக்கு ஏதுப்பா றெக்கன்னு கேட்டா, "எல்லாரும் வைக்கச் சொல்லுவாங்கக்கா, ஃபோட்டோவுல நல்லா இருக்கும், நூறு ரூவா கூட"ங்கான். வேண்டாம்னு சொல்லிட்டேன். இந்த றெக்க மேட்டர் பின்னால வரும், மறந்துடாதீங்க.

டெலிவரி சொன்ன நேரத்துக்கு ரெடி, அதுல ஒரு குத்தமும் இல்ல. சாயங்காலம் 4 மணிக்கு வரச் சொன்னாங்க, 4 மணிக்கு டப்பா கட்டி வச்சிருந்தாங்க. மழை ஊத்து ஊத்துன்னு ஊத்துது, ஆட்டோவுல மடியில வச்சு குழந்தைய கொண்டு போறது மாதிரி கொண்டு வந்தேன், ஒவ்வொரு குழியிலயும் எனக்கு நெஞ்சு அடைக்குது. வீட்டுக்கு வந்து தொறந்து பாத்தா கேக் அப்பிடியே இருக்கு, கண்ணு இமை எல்லாம் அழகா வரஞ்சிருக்கான், ரோஸும் நீலமும் ஊதாவும் கலந்து பிடரி முடிய க்ரீம்லயே சுருள் சுருளா போட்டிருக்கான், உள்ளபடியே கொள்ளாம். ஆனா கொம்பு மட்டும் சாராயம் குடிச்சவன் பஸ் ஸ்டாப்புல நிக்கது மாதிரி ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது. கைய வச்சு நிமித்தினா பிசுபிசுன்னு ஒட்டுது. மெழுகுவர்த்தி கொளுத்தி, பாட்டு பாடி, பிள்ள கத்திய வைக்க கேக் லேசா குலுங்கிச்சு பாருங்க, டொப்புன்னு விழுந்துட்டு. விழுந்ததும் நடுவுல ஒடிஞ்சு உள்ள ஒரு பல்குத்துற குச்சி தெரியுது. அவ்வளவுதான், வீடே அதிர அழுகை.

எங்க அப்பா, அதாவது அவளுக்கு பாட்டா, பக்கத்துல நாற்காலியில இருந்தவரு சமாதானப்படுத்துறேன்னு, "கரையாத மக்ளே, கொம்பு போனா குதிர, அவ்வளவுதான, குதிரையும் நல்ல சாமான்தான"ன்னாரு. அவ அழுகை ரெட்டிப்பாச்சு.

கொம்பு ஏன் விழுந்துச்சுன்னு சொல்லிடுறேன், ஆர்டர் குடுக்கவங்களுக்கு உதவும். ஃபாண்டன்ட்டுங்கது அடிப்படையில சீனி, காத்துல உள்ள ஈரத்த இழுக்கும். நம்ம குமரி மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, ஜூன்ல காத்துல உள்ள ஈரத்துக்கு கேக்கணுமா. அதுவும் ஃப்ரிட்ஜ்ல இருந்து வெளிய எடுத்தா வேர்க்கும், வேர்த்தா இளகும். நிமிந்து நிக்க வேண்டிய சாமானுக்கு கம் பேஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்கு, சீனி மாவுல பிசின் சேத்து பிசையுறது, ரெண்டு மூணு நாளு முன்னாடியே செஞ்சு காய வச்சா கல்லு மாதிரி நிக்கும். அந்த காலத்துல அதுக்கு போட்ட பிசினோட பேரு டிராககாந்த், கிரேக்கத்துல டிராகோஸ்னா ஆட்டுக்கெடா, அகாந்தான்னா முள்ளு, ஆட்டுமுள்ளுச் செடியோட பிசின். டிராஜெடிங்க வார்த்தையும் அதே ஆட்டுல இருந்துதான், ஆட்டுப் பாட்டுன்னு அர்த்தம். எங்க வீட்ல அன்னைக்கு ஆட்டுப் பிசின் போடாததுனால ஆட்டுப் பாட்டு நடந்துது.

சரி, கேக்குக்கு வாறேன். வெண்ணிலா ஸ்பான்ஞ்சு நல்ல சாஃப்ட்டு, ஆனா பொடிஞ்சு உதிரல. ஸ்ட்ராபெர்ரி ஃபில்லிங் கடையில வாங்குற டின் ஜாமா இருக்கும்னு நெனச்சேன், கொஞ்சம் பழமும் கடிக்கக் கிடைச்சுது. சீனி அளவு கரெக்டு, எங்க மைனிக்கு சுகர், அவங்களே ரெண்டு துண்டு சாப்பிட்டுட்டு மூணாவதுக்கு தட்ட நீட்டினாங்க. விப்பிங் க்ரீம் நாக்குல எண்ணெய்ப் பசையா ஒட்டல, சில கடையில டால்டாவ நக்குன மாதிரி இருக்கும்லா, அது இல்ல. ஊதா கலர் மட்டும் கொஞ்சம் ஓவர், பிள்ளைங்க நாக்கெல்லாம் நாவப்பழம் தின்ன மாதிரி ஆயிட்டு. 20 பேருக்கு தாராளமா வந்துது, மறுநாளு சாயாவுக்கும் மிச்சம் இருந்துது.

இப்ப அந்த அட்டை. டப்பா மூடியில உள்பக்கமா ஒட்டியிருந்துது, மினுமினு பேப்பர்ல அழகா அடிச்சிருந்தாங்க. "கிரேக்க புராணத்தில் சீயஸ் கடவுளுக்கு சேவை செய்த மாயக் குதிரை யூனிகார்ன். இது ஒரு கிரேக்கச் சொல்." ரெண்டே வரி. ரெண்டும் தப்பு.

நான் கண் பரிசோதனை பண்ணுற ஆளு, ஆப்டோமெட்ரி படிச்சுட்டு நாகர்கோவில்ல வேலை. உனக்கெதுக்கு கிரேக்கம்னு கேக்காதீங்க, எங்க படிப்புல பாதி கிரேக்கம்தான். கருவிழியோட வளைவ அளக்குறதுக்கு கெரட்டோமெட்ரின்னு பேரு, கருவிழி கூம்பு மாதிரி வெளிய தள்ளுற நோய்க்கு கெரட்டோகோனஸ்னு பேரு. முதல் வருசத்துல எங்க மேடம், கேராஸ்னா கிரேக்கத்துல கொம்புன்னு சொல்லித் தந்தாங்க. கண்ணுக்கும் கொம்புக்கும் என்ன சம்பந்தம்னா, கருவிழியத்தான் கார்னியாங்கது, அத அந்த காலத்துல கொம்ப மெல்லிசா சீவினா கண்ணாடி மாதிரி தெரியுமே அதோட ஒப்பிட்டு, கொம்பு மாதிரி உள்ள தோலுன்னு பேரு வச்சிருக்காங்க. கார்னியாங்கது லத்தீன், கார்னுன்னா கொம்பு. கெரட்டோங்கது கிரேக்கம். ஒரே சாமானுக்கு ரெண்டு பாஷையில ஒரே அர்த்தத்துல பேரு. யூனிகார்ன்லயும் இதே கூத்துதான் நடந்துருக்கு.

யூனிகார்ன் கிரேக்கமே இல்ல, லத்தீன். ஊனுஸ்னா ஒண்ணு, கார்னுன்னா கொம்பு. கிரேக்கத்துல அதுக்குப் பேரு மோனோகேரோஸ். மோனோஸ்னா ஒத்த, தனி. கேராஸ்னா கொம்பு. ஒத்தக்கொம்பன், முடிஞ்சுது. லத்தீன்காரங்க அத அப்பிடியே அவங்க பாஷையில மாத்தி ஊனிகார்னிஸ்னு வச்சாங்க, அது யூனிகார்னாச்சு. கவுண்டர் பையன்ட பின்னால இத சொன்னப்ப "கார்ன்னா சோளம்லாக்கா"ன்னு கேட்டான், அவன சிரிக்க முடியாது, நானும் சின்னதுல அப்பிடித்தான் நெனச்சேன். சோளத்துக்கு உள்ள கார்ன் வேற வேரு. ஆனா கால்ல வர்ற ஆணிக்கு இங்கிலீஷ்ல கார்ன்னு சொல்றாங்கல்லா, அது நம்ம கொம்பேதான், தோலு கொம்பு மாதிரி கெட்டியாவுறதுனால. மூலைக்கு கார்னர்னு சொல்றதும் இந்த கார்னுதான்.

கேராஸ் எங்கெல்லாம் ஒளிஞ்சிருக்குன்னு பாத்தா கொஞ்சம் பயமாவே இருக்கும். நம்ம முடியிலயும் நகத்துலயும் இருக்க கெரட்டின் அதுதான், ப்யூட்டி பார்லர்ல கெரட்டின் ட்ரீட்மென்ட்னு ஆயிரக்கணக்குல வாங்குறாங்களே, கொம்பு வைத்தியம்னு தமிழ்ல போர்டு வச்சா ஒருத்தரும் போவ மாட்டாங்க. டைனோசர்ல ட்ரைசெராடாப்ஸ், மூணு கொம்பு மூஞ்சி. தங்கத்துக்கு சொல்ற கேரட், அது கேரேஷன்ங்க கிரேக்க வார்த்தை, குட்டிக் கொம்புன்னு அர்த்தம், காரப் மரத்துக் காயி கொம்பு மாதிரி வளஞ்சிருக்கும், அதோட விதைய எடைக்கல்லா வச்சாங்க, அரபி வழியா சுத்தி வந்து 22 கேரட்டா நம்ம நகைக்கடையில நிக்குது. கல்யாண வீட்ல சாப்பாட்டுக்கு முன்னாலயே எத்தன பவுனுன்னு கேக்குற நம்ம ஊர்ல, எல்லாருக்கும் கழுத்துல குட்டிக் கொம்பு தொங்குது. சாம்பார்ல போடுற கேரட்டும் இதே வேருன்னுதான் சொல்றாங்க, உருவத்த பாத்தா நம்பலாம். தமிழ்ல எழுதும்போது ரெண்டும் ஒரே கேரட்டா போனது நம்ம அதிர்ஷ்டம்.

நம்ம பாஷையிலயும் இது மாதிரி ஒண்ணு உண்டு. கோடுன்னா பழைய தமிழ்ல கொம்பு, யானத் தந்தம், மரக்கிளை, மலையுச்சி எல்லாம்தான். கம்பர் ரிஷ்யசிருங்கர கலைக்கோட்டு முனின்னு சொல்றாரு, மான் கொம்பு முளைச்ச முனிவர். விளவங்கோடு, திருவிதாங்கோடு, இடைக்கோடுன்னு கோட்டுக்கு நடுவுல பொறந்து வளந்தவ நான், அதுல உள்ள கோடு கொம்பா மேடான்னு சண்ட போட எனக்கு தெம்பு இல்ல. கிரேக்கத்துலயும் கேராஸ்னா மலைச் சரிவு நீட்டிக்கிட்டு நிக்கதையும் சொல்லுவாங்க, இஸ்தான்புல்ல இருக்க கடல் நீட்டத்துக்கு தங்கக் கொம்புன்னே பேரு.

மோனோவும் நமக்கு புதுசு இல்ல. ஸ்கூல் யூத் ஃபெஸ்டிவல்ல மோனோ ஆக்ட்னு ஒரு பிள்ள தனியா நின்னு அம்மாவும் போலீசும் பைத்தியமும் எல்லாமா மாறி மாறி நடிக்குமே அந்த மோனோதான். மடத்துல தனியா இருக்க துறவிக்கு மாங்க்னு சொல்றதும், ஒருத்தனே விக்குற மோனோபொலியும் அதுதான். மான்சூன்ல உள்ள மான் மட்டும் இல்ல, அது அரபி.

இனி அட்டையில இருந்த முதல் வரி. கிரேக்க புராணத்துல யூனிகார்னே கெடையாது. தேடித் தேடி பாத்தாலும் ஒரு சாமி மேலயும் ஒரு வீரன் கையிலயும் அது இல்ல. சீயஸுக்கு இடி மின்னல சுமந்துட்டுப் போனது பெகாசஸ், றெக்க உள்ள குதிர, கொம்பு கெடையாது. கடல் ஊத்துக்குப் பக்கத்துல பொறந்ததுனால பேகேங்க வார்த்தையில இருந்து அந்தப் பேருன்னு ஹெசியட்ங்க பழைய கிரேக்கக் கவிஞர் சொல்றாரு, பேகேன்னா ஊத்து. அந்த றெக்கையத்தான் நம்ம பேக்கரி நூறு ரூவாய்க்கு யூனிகார்ன் முதுகுல ஒட்டுது. ரெண்டு மிருகத்த ஒண்ணா சேத்து, கதையையும் சேத்து, அட்டையில அடிச்சு குடுத்துட்டாங்க.

அப்ப மோனோகேரோஸ் எங்க இருந்து வந்துது? இங்கதான் எனக்கு புல்லரிச்சுது. கிரேக்கங்க அத கற்பனைன்னே நெனைக்கல, நெசமா உள்ள மிருகம்னு விலங்கியல் கணக்குல எழுதி வச்சாங்க, அது எங்க இருக்குன்னா இந்தியாவுல இருக்குன்னு எழுதினாங்க. கி.மு. 400 வாக்குல டெசியஸ்னு ஒரு கிரேக்க டாக்டர், பாரசீக ராஜா ரெண்டாம் அர்தசெர்க்சஸோட அரண்மனையில வேலை பாத்தவரு, இந்தியாவ பத்தி ஒரு புத்தகம் எழுதினாரு. மனுசன் இந்தியாவுல காலே வைக்கல, வந்தவங்க போனவங்க சொன்னத கேட்டு எழுதினது. இந்தியாவுல குதிர அளவுக்கு காட்டுக் கழுத உண்டு, ஒடம்பு வெள்ள, தல கடுஞ்செவப்பு, கண்ணு நீலம், நெத்தியில ஒன்றரை முழத்துக்கு ஒரு கொம்பு, அந்தக் கொம்புல கிண்ணம் செஞ்சு குடிச்சா விஷம் ஏறாதுன்னு. கொம்போட அடி வெள்ள, நடு கறுப்பு, நுனி செவப்பு, மூணு கலர். எங்க பேக்கரிக்காரன் போட்ட கலருக்கு இவரு கொஞ்சமும் சளைச்சவரு இல்ல. அரிஸ்டாட்டிலும் இந்தியக் கழுதைக்கு ஒத்தக் கொம்புன்னு ஒரு வரி எழுதியிருக்காரு. அப்பறம் ரோமாவுல பிளினின்னு ஒரு எழுத்தாளர் முதலாம் நூற்றாண்டுல எழுதும்போது, மோனோகேரோஸுக்கு குதிர ஒடம்பு, மானு தல, யான காலு, பன்னி வாலு, ரெண்டு முழக் கறுப்புக் கொம்புன்னு சொல்றாரு. யான காலு, பன்னி வாலு, ஒத்தக் கொம்பு. இத கேட்டுட்டு உங்களுக்கு எந்த மிருகம் ஞாபகத்துக்கு வருது?

எங்க அப்பாவுக்கு அன்னைக்கே வந்துட்டு. அவரு ரிட்டையர்டு சர்ச் உபதேசியார். பிள்ள அழுகை நின்னு எல்லாரும் கேக் தின்னுட்டு இருக்கும்போது, டப்பா மூடிய கண்ணுக்குப் பக்கத்துல வச்சு வாசிச்சுட்டு, "இது கிரேக்க சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல, யூனிகார்ன்னா நம்ம வேதத்துல காண்டாமிருகம், கேட்டியா"ன்னாரு. மொத்த வீடும் சிரிச்சுது. காண்டாமிருகத்தயா இந்தப் பிள்ள தோள்ல தூக்கிட்டு ஸ்கூலுக்குப் போவுதுன்னு சித்தப்பா ஒரே கேலி. அப்பா கோவத்துல எந்திரிச்சுப் போயி ரெண்டு பைபிளயும் எடுத்துட்டு வந்துட்டாரு, ஒண்ணு தமிழு, ஒண்ணு அவருக்கு பாடம் படிக்கும்போது குடுத்த பழைய இங்கிலீஷு. சங்கீதம் 92, 10ஆம் வசனம். தமிழ்ல "என் கொம்பைக் காண்டாமிருகத்தின் கொம்பைப்போல உயர்த்துவீர்". இங்கிலீஷ்ல அதே எடத்துல யூனிகார்ன்னு இருக்கு. ஒருத்தரும் பேசல. எங்க சித்தப்பா கேக்க பாத்தாரு.

அன்னைக்கு ராத்திரி பிள்ள தூங்கினதுக்கு அப்பறம் உக்காந்து தேடினேன். மூல மொழியான எபிரேயத்துல அந்த எடத்துல உள்ள வார்த்தை ரெஏம். அது ரெண்டு கொம்பு உள்ள பெரிய காட்டு மாடுன்னுதான் இப்போ எல்லாரும் சொல்றாங்க, அந்த வகை மாடு இப்போ உலகத்துலயே இல்ல. கி.மு. மூணு ரெண்டாம் நூற்றாண்டுகள்ல எபிரேய வேதத்த கிரேக்கத்துல மொழிபெயர்த்தப்ப, அந்த ரெஏமுக்கு மோனோகேரோஸ்னு போட்டுட்டாங்க. அங்க இருந்து லத்தீன், லத்தீன்ல சில எடம் ஊனிகார்னிஸ், சில எடம் ரைனோசெரோஸ். ரைனோசெரோஸும் கிரேக்கம்தான், ரிஸ்னா மூக்கு, மூக்குக்கொம்பன், கேராஸ் அங்கயும் விடாம நிக்குது. 1611ல வந்த கிங் ஜேம்ஸ் இங்கிலீஷ் பைபிள் யூனிகார்ன எடுத்துக்கிட்டு, நம்ம தமிழ் வேதம் காண்டாமிருகத்த எடுத்துக்கிட்டு. ஒரு காட்டு மாடு ஒரு ரோட்டுல யூனிகார்னாவும் இன்னொரு ரோட்டுல காண்டாமிருகமாவும் போய்ச் சேந்துருக்கு, ரெண்டு ரோடும் பிரியுற ஜங்ஷன் மோனோகேரோஸ். பைபிள்ல உபாகமம் 33ஆம் அதிகாரத்துல அதே மிருகத்துக்கு கொம்புகள்னு பன்மையில வரும், ஒத்தக் கொம்பனுக்கு ஏது கொம்புகள்னு தடுமாறி இங்கிலீஷ்காரங்க மிருகத்தையே பன்மையாக்கி யூனிகார்ன்கள்னு போட்டு தப்பிச்சுட்டாங்க, அந்த சாமர்த்தியத்த நான் ரசிச்சேன்.

அப்பறம் உயிர்களுக்கு அறிவியல் பேரு வைக்குற முறைய கொண்டு வந்த லின்னேயஸ் 1758ல இந்தியக் காண்டாமிருகத்துக்கு வச்ச அறிவியல் பேரு என்ன தெரியுமா, ரைனோசெரோஸ் யூனிகார்னிஸ். கிரேக்கத்துல மூக்குக்கொம்பன், லத்தீன்ல ஒத்தக்கொம்பன். எங்க அப்பா சொன்னதுக்கு இதுக்கு மேல கையெழுத்து வேணுமா.

மார்க்கோ போலோ கதையையும் சொல்லிடணும், நம்ம ஊரு சம்பந்தப்பட்டது. 13ஆம் நூற்றாண்டுக் கடைசியில சுமத்ராவுல காண்டாமிருகத்த பாத்துட்டு இதுதான் யூனிகார்ன்னு நெனச்சு, அய்ய இவ்வளவு அசிங்கமா சேத்துல கெடக்கே, எங்க நாட்டுல கன்னிப் பொண்ணு மடியில வந்து படுக்கும்னு சொல்லுவாங்களே அது மாதிரி இல்லியேன்னு எழுதி வச்சிருக்காரு. அதே புத்தகத்துல கோமாரின்னு நம்ம குமரியும் வருது, வட நட்சத்திரம் இங்க இருந்து கொஞ்சம் தெரியும்னு. அந்தக் கன்னிப் பொண்ணு கதை ஃபிசியோலோகஸ்னு ஒரு பழைய கிரேக்கப் புத்தகத்துல இருந்து வந்தது, மோனோகேரோஸ வேட்டைக்காரன் யாராலயும் பிடிக்க முடியாது, ஒரு கன்னிப் பொண்ண உக்கார வச்சா தானா வந்து அடங்கும்னு. கன்னிக்கு அடங்குற மிருகம் குமரி முனையில இருக்காம வேற எங்க இருக்கும், சொல்லுங்க. இதுக்கும் ஒரு படி முன்னால, நம்ம கலைக்கோட்டு முனிய காட்டுல இருந்து பொம்பளைங்கதான் மயக்கி கூட்டிட்டு வருவாங்க, அந்தக் கதைக்கும் இதுக்கும் ஒரு தொடர்பு இருக்கும்னு ஆராய்ச்சிக்காரங்க எழுதியிருக்காங்க.

கொம்புல உள்ள முறுக்கு மட்டும் இந்தியா இல்ல, கிரேக்கமும் இல்ல. டெசியஸ் முறுக்கு கிறுக்குன்னு ஒண்ணும் சொல்லல. வட துருவக் கடல்ல நார்வால்னு ஒரு திமிங்கல வகை, ஆணுக்கு ஒரு பல்லு 3 மீட்டர் வரைக்கும் மேலுதட்ட துளைச்சுட்டு ஈட்டி மாதிரி முறுகி நீளும். அந்தப் பல்ல கொண்டு வந்து ஐரோப்பாவுல யூனிகார்ன் கொம்புன்னு ராஜாக்கள்ட தங்க வெலைக்கு வித்தாங்க, விஷத்துக்கு மருந்துன்னு. டென்மார்க்குல ஓலே வோர்ம்னு ஒரு டாக்டர் 1638ல இது கடல்ல உள்ள நார்வாலோட பல்லுடேன்னு தெளிவா காட்டினாரு. அதுக்கு அப்பறமும் டென்மார்க் ராஜாவுக்கு அந்தத் தந்தத்துலயே சிம்மாசனம் செஞ்சாங்க. நார்வாலோட அறிவியல் பேரு மோனோடான் மோனோசெரோஸ், ஒத்தப்பல்லன் ஒத்தக்கொம்பன். ஆக பேக்கரிக்காரன் ஃபாண்டன்ட்ட கயிறா உருட்டி குச்சியில சுத்தி முறுக்குனது ஒரு கடல்பல்லுக்கு. எங்க ஊரு கடல்காரங்க பாத்திருந்தா ரெண்டே நிமிசத்துல கள்ளத்த கண்டுபிடிச்சிருப்பாங்க.

மறுநாளு கடைக்குப் போனேன், சண்டைக்கு இல்ல, கேக் பலகையத் திருப்பிக் குடுக்க. கேக்கு வச்சு தர்ற பலகைக்கு 100 ரூபா டெபாசிட் பிடிப்பாங்க. ஓனரு இருந்தாரு. கொம்பு விழுந்தத சொன்னேன், மழைக்காலத்துல அப்பிடித்தான்னு மழுப்பல, உடனே "தப்புதான்மா, முந்தின நாளே செஞ்சு காய வைக்கணும், அன்னைக்கு ஆர்டர் கூடிப் போச்சு"ன்னு ஒத்துக்கிட்டாரு. 150 ரூபா கழிச்சுத் தந்தாரு, நான் கேக்காமலே. அதுக்குத்தான் சர்வீஸுக்கு 4 குடுக்கேன். அட்டைய பத்தி சொன்னப்ப மட்டும் அவரு முகம் மாறிட்டு, 1,000 அட்டை அடிச்சு வச்சிருக்கோம்னாரு. "நீங்களே நல்லதா ரெண்டு வரி எழுதித் தாங்க, அடுத்த தடவ போடுறோம்"னாரு. நான் ராத்திரி ஒரு மணி வரைக்கும் இருந்து டெசியஸ்ல ஆரம்பிச்சு நார்வால் வரைக்கும் எழுதி வாட்ஸ்அப்ல அனுப்பினா, "அக்கா இது டப்பாவ விட பெருசா இருக்கு"ன்னு கவுண்டர் பையன் பதில் போட்டிருக்கான்.

ஆர்டர் குடுக்க நெனைக்கவங்க கவனிக்க வேண்டியது: கொம்பு கம் பேஸ்ட்ல வேணும், ரெண்டு நாளு முன்னாலயே செய்யணும்னு சொல்லிடுங்க, அதுக்கு அவங்க கூடுதல் காசு கேக்கல. கொம்ப தனி டப்பாவுல வாங்கி வீட்ல வந்து சொருகுங்க. றெக்க வேண்டாம்னு சொல்லுங்க, 100 ரூபா மிச்சம், பெகாசஸுக்கும் மரியாதை. ஊதா கலர கொறைக்கச் சொல்லுங்க. மகளுக்கு அடுத்த வருசத்துக்கு காண்டாமிருகம் கேக் வேணுமாம், பாட்டா நல்லா ஏத்தி விட்டுட்டாரு. கடையில கேட்டேன், காண்டாமிருகம்னா ஃபாண்டன்ட் முழுசா மூடணும், சாம்பல் கலர் ஒரே மாதிரி வராது, கிலோவுக்கு 200 கூட ஆகும்னான்.

பில்லு கையால எழுதினது. அத எடுத்து வாசிச்சுட்டு மக ஓடி வந்தா. அவளுக்கு இப்பதான் ஸ்கூல்ல ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு நடத்தியிருக்காங்க. பில்லுல அந்தப் பையன் அவசரத்துல யூனிகார்ன் "கெக்"னு எழுதியிருக்கான். "அம்மா பாத்தியா, கேக்குக்கு ரெட்டக்கொம்புல்லா போடணும், யூனிகார்ன் கேக்குங்கதுனால ஒத்தக்கொம்பு போட்டிருக்காங்க"ங்கா. பில்ல அவளே பத்திரமா எடுத்து பென்சில் பாக்ஸ்ல வச்சுக்கிட்டா.